விசுவமடுவிலிருந்து யுனிற்றி பிளாசா வரை

இரவு எட்டு மணி. பரந்தன் சந்தியில் கொழும்பு பஸ்ஸுக்காகக் காத்து நின்றோம். நான், விசுவமடுவைச் சேர்ந்த ஓர் அக்கா, அவருடைய மகள் ஆகிய மூவர். தன்னுடைய பெயரைப் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் அக்கா என்றே எழுதுகிறேன். 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதக் கடைசி அது. மாரி மழை தொடங்கியிருந்தது. அக்காவின் இடுப்பில் ஒரு துணிப்பை. அதற்குள் 90,000 ரூபா காசு. கச்சான் விற்றதில் மிச்சம் பிடித்தது கொஞ்சம், இரண்டு ஆடு விற்றது கொஞ்சம், மீதி இருபது மாதம் கட்டி எடுத்த சீட்டு.

மகளுக்கு வவுனியாப் பல்கலைக்கழகத்தின் வியாபாரக் கற்கைகள் பீடம் கிடைத்திருந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்து 2021ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் தனிப் பல்கலைக்கழகமாகியது அது. பம்பைமடுவில் இருக்கிறது. தகப்பனை 2009இல் இழந்த பிள்ளை. செட்டிகுளம் முகாமில் இருந்தவள். 2020இல் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது, அயல்வீட்டுத் தொலைபேசியின் சின்னத் திரையில் பாடம் பார்த்தவள். கம்பஸில் ஒப்படை, செயற்றிட்டம், விளக்கவுரை எல்லாமே கணினியில்தான். லப்டொப் ஒன்று கட்டாயம் வேண்டும். அதை எப்படி வாங்குவது என்பதுதான் கேள்வி.

அக்கா முதலில் என்னிடம் வந்தது லப்டொப் பற்றிக் கேட்க அல்ல, கடன் பத்திரம் ஒன்றை வாசித்துக் காட்டச் சொல்லித்தான். அவருடைய அயலில் ஒரு தாய் 2023இல் மகனுக்காகத் தவணை முறையில் புத்தம் புதிய லப்டொப் ஒன்றை எடுத்திருந்தார். பெட்டி மினுங்கியது, உள்ளே இருந்ததோ செலரோன் என்ற மிகக் குறைந்த வலு உள்ள செயலி, 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. சேமிப்பு. ஒரு வருடத்துக்குள் வின்டோஸின் புதுப்பிப்புகளே அந்த இடத்தை நிரப்பிவிட்டன. சேமிப்பு தாய்ப்பலகையோடு ஒட்டி வருவதால் மாற்றவும் முடியாது. பொடியன் அதை மூடி வைத்துவிட்டான். தவணை மட்டும் கிழமைக்குக் கிழமை போய்க்கொண்டிருந்தது. அதே தவணைக்காரர் இப்போது அக்காவின் வாசலுக்கும் வந்திருந்தார்.

“புதுசு எண்டால் நல்லதுதானே தங்கச்சி?” என்று கேட்டார் அக்கா. உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான் படித்தது சமூகவியல். என்னுடைய ஆய்வுக் கட்டுரையையே கொமினிகேஷன் கடையில் பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துப் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்வித்தவள் நான். ஆகவே எங்கள் அலுவலகத்தில் கணினி திருத்தும் தம்பியிடம் இரண்டு பின்னேரம் இருந்து கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டேன். அந்த ஒரு தாளை நம்பித்தான் இந்தப் பயணம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். லப்டொப் வாங்கக் கொழும்புக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் நல்ல கடைகள் உண்டு. பழுது வந்தால் கொண்டு ஓடுவதற்குப் பக்கத்துக் கடைதான் வசதி. மூன்று பேருக்குப் போய்வரப் பஸ் காசையும் சாப்பாட்டையும் கணக்குப் பார்த்தால், விலையில் கிடைக்கும் இலாபம் அதிலேயே கரைந்துவிடலாம். எனக்குக் கொழும்பில் ஒரு கூட்டம் இருந்தது. அக்காவுக்கோ, பிள்ளைக்கு ஒருதரம் கொழும்பைக் காட்ட வேண்டும் என்று ஆசை. அவ்வளவுதான்.

முறிகண்டியில் பஸ் நின்றது. பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்திவிட்டுக் கச்சான் கடைகளைச் சுற்றிப் பார்த்து வந்த அக்கா, “நாங்கள் குடுக்கிற விலையும் இவையள் விக்கிற விலையும்!” என்று சலித்துக்கொண்டார். அதன் பிறகு மாங்குளம், கனகராயன்குளம், புளியங்குளம். பிள்ளை நித்திரையாகிவிட்டாள். ஓமந்தை வந்தபோது அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து யன்னலுக்கு வெளியே பார்த்தார். இருட்டைத் தவிர ஒன்றும் இல்லை. சோதனைச் சாவடியை 2015இல் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அந்த இடம் வந்தால் எங்களுடைய கை தன்னாலே அடையாள அட்டையைத் தேடுகிறது.

“தொண்ணூறுகளில பென்ரோச் பற்றரி ஒண்டு கொண்டு வர ஏலுமே இந்தப் பக்கம்?” என்றார் அக்கா மெல்லிய குரலில். பொருளாதாரத் தடைக் காலம் அது. வன்னிக்குள் வரக் கூடாத சாமான்களின் பட்டியலில் பற்றரியும் இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்டோம். அக்கா குப்பி விளக்கில் ஓ.எல். வரை படித்தவர்.

விடிய ஐந்து மணிக்கு வெள்ளவத்தை. தெரிந்த வீடொன்றில் முகம் கழுவி, தேத்தண்ணீர் குடித்து, பத்து மணியளவில் காலி வீதியில் 100 இலக்க பஸ் ஏறினோம். பம்பலப்பிட்டியில் மஜெஸ்ரிக் சிற்றிக்குப் பக்கத்துக் கட்டடம்தான் யுனிற்றி பிளாசா. நகரும் படியில் காலை வைக்க அக்கா தயங்கினார். மகள் கையைப் பிடித்து ஏற்றினாள். மாடிக்கு மாடி கணினிக் கடைகள். சின்னச் சின்னக் கண்ணாடி அறைகள், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய பெட்டிகள், நடைபாதையில் நின்று கூப்பிடும் பொடியன்கள். எங்களைக் கண்டதும் ஒருவர், “சேர் வரலையா?” என்று கேட்டார். மூன்று பெண்கள் தனியாக வந்து கணினி வாங்குவது அவருக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும். அந்தக் கடையை விட்டு நடந்தோம்.

புதிய லப்டொப்புகளின் விலையைக் கேட்டபோது அக்காவின் முகம் வாடிவிட்டது. 90,000 ரூபாவுக்குள் உருப்படியான புதியது ஒன்றும் நாங்கள் ஏறிய கடைகளில் இல்லை. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியது நினைவிருக்கும். 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமாகியது. இரண்டும் வந்து விழுந்த இடம் இந்த விலைச்சீட்டு.

ஆகவே பாவித்த லப்டொப்புகள் பக்கம் திரும்பினோம். பாவித்தது என்றதும் முகம் சுளிக்கத் தேவையில்லை. வெளிநாடுகளில் பெரிய கம்பனிகள் தங்கள் ஊழியர்களுக்குக் கொடுக்கும் லப்டொப்புகளைச் சில வருடங்களில் மொத்தமாக மாற்றிவிடுவார்கள். டெல்லின் லற்றிரியூட், எச்.பி.யின் எலிற்புக், லெனோவாவின் திங்பாட் எல்லாம் அப்படி வருபவை. அலுவலகப் பாவனைக்கென்று உறுதியாகச் செய்யப்பட்டவை. ராம், சேமிப்பு, பற்றரி ஆகியவற்றைப் பெரும்பாலானவற்றில் பிறகு மாற்றலாம். அயல்வீட்டுப் பொடியனின் புதுப் பெட்டியை விட, வயதுபோன இந்தக் கறுப்புப் பெட்டிகள் வேகமாக வேலை செய்யும்.

ஆனால் எல்லா வயதும் ஒரே வயதல்ல. முதல் கடையில் 58,000 ரூபாவுக்கு ஒன்றைக் காட்டினார்கள். மெல்லியது, அழகானது. மகளுக்குப் பிடித்துவிட்டது. நான் தாளை எடுத்தேன். இன்டெல் செயலியின் இலக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று அலுவலகத் தம்பி சொல்லியிருந்தார். ஐ5 என்பதற்குப் பின்னால் 7300 என்று இருந்தால் அது ஏழாவது தலைமுறை. 8250 என்றால் எட்டாவது. 10210 என்று ஐந்து இலக்கம் வந்தால் பத்தாவது. வின்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு பொதுவாக நிறுத்திவிட்டது. அதற்கு அடுத்த வின்டோஸ் 11ஐ, இன்டெல்லைப் பொறுத்தவரை, ஓரிரண்டு விதிவிலக்குகள் தவிர எட்டாவது தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும்தான் முறைப்படி ஏற்கும். நாங்கள் பார்த்தது ஏழாவது.

“அதெல்லாம் பிரச்சினை இல்லை, பதினொண்டு போட்டுத் தாறம்” என்றார் கடைக்காரர். போடலாம்தான். குறுக்குவழியில் போட்டால் திறக்கும், ஓடும். ஆனால் பிறகு புதுப்பிப்பு ஒழுங்காக வரும் என்பதற்கு மைக்ரோசொப்ட் உத்தரவாதம் தராது. நான்கு வருடம் படிக்கப் போகும் பிள்ளைக்கு அது சரிவராது. விலை ஏன் குறைவு என்பதும் அப்போதுதான் விளங்கியது. அந்த மாதம் பல கடைகள் ஏழாவது தலைமுறையைத் தள்ளிவிட அவசரப்பட்டுக்கொண்டிருந்தன.

மூன்றாவது மாடியில் ஒரு கடை. விற்பனைக்கு நின்ற தம்பி ஹற்றன் பக்கத்தவர். நாங்கள் கேட்காமலே கதிரை எடுத்துப் போட்டார். “என்ன படிக்கப் போறாங்க?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அதுவரை யாரும் கேட்காத கேள்வி. பொறியியலோ வரைகலையோ என்றால் வேறு இயந்திரம் வேண்டும், செலவும் கூட. வியாபாரக் கற்கைக்குக் கட்டுரை எழுதவும் எக்செல் கணக்குப் போடவும் சூமில் பாடம் கேட்கவும் எட்டாவது தலைமுறை ஐ5, 8 ஜி.பி. ராம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. போதும் என்றார். எஸ்.எஸ்.டி. என்பது சுழலும் தட்டு இல்லாத சேமிப்பு. பழைய ஹார்ட் டிஸ்க்கை விடப் பல மடங்கு வேகம், பஸ்ஸில் குலுங்கினாலும் அவ்வளவு இலகுவில் பழுதாகாது. செயலி கொஞ்சம் பழையதென்றாலும் பரவாயில்லை, இது மட்டும் இல்லாமல் வாங்காதீர்கள்.

டெல் லற்றிரியூட் 5490 ஒன்றை எடுத்து வைத்தார். 14 அங்குலத் திரை. மேல்மூடியில் ஒரு கீறல். விலை 82,000. நான் தாளைப் பார்த்துப் பற்றரி அறிக்கை கேட்டேன். தம்பி சிரித்துக்கொண்டு ஒரு கட்டளையைத் தட்டினார். செய்யும்போது அந்தப் பற்றரி எவ்வளவு மின்சாரம் பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்று இரண்டு இலக்கங்கள் வந்தன. முதலாவது 68,000. இரண்டாவது 39,000.

“குடம் அதேதான், ஓட்டை விழுந்திட்டுது” என்றார் அக்கா. அறிக்கையை அவரளவு தெளிவாக எனக்கும் விளக்கத் தெரிந்திருக்காது. “வேற குடம் காட்டுங்கோ தம்பி.”

அதே மாதிரியில் இன்னும் இரண்டு திறக்கப்பட்டன. மூன்றாவதில் 56,000 இருந்தது. பழையதுக்கு அது நல்ல அளவு. மூடியில் கீறலும் கூடத்தான். கீறல் படிக்காது.

அதன் பிறகு நானும் அக்காவும் விலகிக்கொண்டோம். மகளையே உட்கார வைத்தோம். பாவிக்கப் போகிறவள் அவள். ஒவ்வொரு விசையாகத் தட்டினாள். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து திரையில் கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று தேடினாள். என்னுடைய தொலைபேசியிலிருந்து இணையத்தை இணைத்து, எனக்கே ஒரு வீடியோ அழைப்பு எடுத்துக் கமெராவையும் ஒலிவாங்கியையும் பார்த்தாள். பென்டிரைவை எல்லாத் துளையிலும் செருகினாள். மூடியைத் திறந்து மூடி, பிணைச்சல் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தாள். கம்பனி லப்டொப் என்பதால் ஒருதரம் முழுக்க அணைத்துத் திறந்து, கடவுச்சொல்லோ வேறு கம்பனியின் பெயரோ கேட்கிறதா என்றும் பார்க்கச் சொன்னேன். ஒன்றும் கேட்கவில்லை. முக்கால் மணி நேரம் சென்றது. தம்பி ஒரு தடவைகூட அவசரப்படுத்தவில்லை. அவசரப்படுத்தும் கடையில் வாங்கவே கூடாது என்பது என்னுடைய அபிப்பிராயம்.

விலையை அக்கா பேசினார். கச்சான் வியாபாரியோடு பேசிப் பழகிய வாய். 76,000த்துக்கு வந்தது. அசல் சார்ஜரும் ஒரு பையும் சேர்த்து.

பற்றுச்சீட்டில் மட்டும் நான் விடாப்பிடியாக நின்றேன். மாதிரி, தொடர் இலக்கம், செயலி, ராம், ஆறு மாத உத்தரவாதம், அந்த உத்தரவாதத்துக்குள் பற்றரி அடங்குமா என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். பற்றரிக்கு ஒரு மாதம்தான் என்று எழுதித் தந்தார்கள். குறைவுதான், ஆனாலும் தெரிந்து வாங்கினோம். பற்றுச்சீட்டுக் கேட்பது எங்கள் உரிமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அதைச் சொல்கிறது. ஏமாற்றப்பட்டால் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். பற்றுச்சீட்டு இல்லாமல் முறையிடப் போனால் கதை சொல்லத்தான் முடியும்.

“ஒபிஸ் இலவசமாப் போட்டுத் தரவா?” என்று தம்பி கேட்டார். பூட்டுடைத்த மென்பொருள் அது. வேண்டாம் என்றோம். அவற்றோடு வைரஸும் வந்து சேருவது புதினமல்ல. இலவசமாகவே கிடைக்கும் லிப்ரே ஒபிஸை இறக்கித் தந்தார். கம்பஸ் மின்னஞ்சல் கிடைத்ததும், மாணவர்களுக்கென்று மைக்ரோசொப்ட் ஏதும் தருகிறதா என்று கணினிப் பிரிவில் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

மிச்சம் 14,000. கட்டடத்துக்கு வெளியே வந்து, கடல் காற்றில் நின்று அக்கா அதை இரண்டு தரம் எண்ணினார். மஹாபொல 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக்கப்பட்டது உண்மை. ஆனால் முதல் வருடத்தில் முதல் காசு கைக்கு வர மாதங்கள் செல்லும் என்பதை எனது அனுபவத்தில் கண்டிருக்கிறேன். அதுவரை விடுதிச் சாப்பாட்டுக்கும் டேற்றாவுக்கும் அந்த 14,000தான். தவணைக்காரரிடம் போயிருந்தால் அதுவும் இருந்திராது.

அன்றிரவே பஸ் ஏறினோம். பையை மேல் தட்டில் வைக்கச் சொன்னார் நடத்துநர். அக்கா கேட்கவில்லை. பையின் பட்டியை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, புத்தளம் வரும்வரை கண் மூடவில்லை. ஓமந்தை கடந்ததை இந்தமுறை அவர் அறியவில்லை. நல்ல நித்திரை.

மூன்று கிழமை கழித்து அவர்களுடைய வீட்டுக்குப் போயிருந்தேன். பம்பைமடு விடுதியிலிருந்து மகள் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தாள். லப்டொப் இல்லாத அறைத் தோழிகள் இரண்டு பேரும் இரவில் அதிலேதான் ஒப்படை செய்கிறார்களாம். முறை வைத்து, ஆளுக்கு ஒன்றரை மணித்தியாலமாம். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

“பற்றரி நிக்குதோ பிள்ளை?”