யானைத்தீ

பசி என்னும் ஒரே சொல்லுக்குள் தமிழர் பல நிலைகளை அடக்கி வைத்தனர். அரபு மொழியோ படிக்கு ஒரு பெயரிட்டது. இமாம் ஸஆலிபி (ரஹ்) தமது 'ஃபிக்ஹுல் லுகா' என்னும் நூலில் பசியின் படிகளை வரிசைப்படுத்துகையில், 'ஜூஃ' என்று தொடங்கி 'ஸகப்' என்று ஏறி, 'மக்மஸா' முதலான கடும் பசிகள் வரை செல்கிறார்கள். பெயர்கள் பலவாயின் பொருளும் பலவே. ஒருவர் பசி மற்றவர் பசியன்று என்பதை மொழியே நமக்கு உணர்த்துகின்றது.

தமிழிலும் அத்தகைய தனிப்பெயர் ஒன்று உண்டு. மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகை என்னும் பெண்ணைப் பற்றிய நோய்க்கு 'யானைத்தீ' என்று பெயர். எவ்வளவு உண்டாலும் அடங்காத பசி அது. முனிவர் ஒருவரின் சாபத்தால் விளைந்தது என்று காப்பியம் கூறும். அக்காரணத்தை நாம் ஏற்க வேண்டுவதில்லை. ஆனால் அவள் பெருந்தீனிக்காரி என்று பழிக்கப்படாமல், பிணியுற்றவளாகவே காட்டப்படுகிறாள் என்பது எண்ணத்தக்கது.

அந்த யானைத்தீயை விஞ்ஞானிகள் ஒரு சுண்டெலியிடம் கண்டனர். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலுள்ள ஜாக்ஸன் ஆய்வுக்கூடத்தில் ஓயாது தின்னும் பருத்த சுண்டெலிகள் சில பிறந்தன. அவற்றைப் பற்றிய அறிக்கை 1950இல் வெளிவந்தது. அவை மற்ற எலிகளைவிட ஏறத்தாழ மும்மடங்கு எடை வரை பெருத்தன. பின்னர் டக்ளஸ் கோல்மன் என்னும் அறிஞர், பருத்த எலியின் இரத்த ஓட்டத்தையும் இயல்பான எலியின் இரத்த ஓட்டத்தையும் ஒன்றாக இணைத்துப் பார்த்தார். பருத்த எலி உண்பதைக் குறைத்தது, இளைக்கவும் தொடங்கியது. இயல்பான எலியின் இரத்தத்தில் 'போதும்' என்று அறிவிக்கும் தூது ஒன்று இருக்கிறது, பருத்த எலியிடம் அது இல்லை என்று அவர் முடிவு கட்டினார். அத்தூதின் மரபணுவை 1994இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனும் அவர்தம் குழுவினரும் கண்டறிந்தனர். மெலிவு என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு 'லெப்டின்' என்று பெயரிட்டனர். உடலின் கொழுப்பிலிருந்து புறப்பட்டு, சேமிப்பு உள்ளது என்று மூளைக்குச் செய்தி சொல்வது அதன் பணி. செய்தி வராவிடில், உடல் பருத்திருக்கும்போதே மூளை பஞ்சம் வந்ததாக எண்ணிக்கொள்ளும்.

எலியோடு இது நின்றுவிடவில்லை. இங்கிலாந்தில் உறவுக் குழந்தைகள் இருவரிடம் இதே குறை இருந்தது 1997இல் தெரியவந்தது. எட்டு வயதுச் சிறுமியின் எடை 86 கிலோ. இரண்டு வயதுச் சிறுவனின் எடை 29 கிலோ. அவர்கள் உணவுக்காக ஓயாது ஏங்கினர். லெப்டினை ஊசி வழியே செலுத்திய பின் சிறுமியின் பசி அடங்கியது, எடையும் குறைந்தது என்று மருத்துவர்கள் 1999இல் எழுதினர். எந்த உபதேசமும் தணிக்காத பசியை ஒரு துளி மருந்து தணித்தது.

இதைப் படித்தபோது, நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவரின் முகம் நினைவுக்கு வந்தது. பருத்த உடலினர், கூர்மையான அறிவினர். விருந்துகளில் நால்வர் கூடி ஒரு ஸஹனில் உண்ணும்போது, அவருடைய கை தட்டை நோக்கி நீளும் ஒவ்வொரு முறையும் யாரேனும் நகைப்பர். பெரியவர்களும் அண்ணலார் (ஸல்) அவர்கள் வயிற்றை மூன்றாகப் பங்கிட்டுக் காட்டிய வழிமுறையைச் சொல்லி அவரைக் குத்துவர். நாளடைவில் அவர் விருந்துகளுக்கு வருவதையே விட்டுவிட்டார். மருந்தாக வந்த வழிமுறை ஓர் இளைஞருக்குச் சாட்டையாயிற்று.

மார்க்கச் சட்டம் இதனை எப்படி நோக்கும்? கடும் பசியால் நிர்ப்பந்திக்கப்பட்டவர், உயிர் காக்கும் அளவுக்கு விலக்கப்பட்டதை உண்டாலும் அவர்மீது குற்றமில்லை என்பது மதரஸா மாணவர் அனைவரும் அறிந்த சட்டம். பசி மனிதனை மிகைத்துவிடக்கூடிய வலிமை என்பதை ஷரீஅத் முன்னரே ஒப்புக்கொண்டுள்ளது. அப்படியிருக்க, ஒருவருடைய பசியின் அளவை வெளியிலிருந்து நாம் எங்ஙனம் நிறுப்பது?

இங்கே எல்லை கடந்துவிடலாகாது. லெப்டின் அறவே இல்லாதவர் மிக அரியர். பருத்த உடலினர் பெரும்பாலோரிடம் அது மிகுதியாகவே உண்டு. மூளைதான் அக்குரலைச் சரிவரக் கேட்பதில்லை. எனவே எல்லா மிகையூணுக்கும் உடலே பொறுப்பென்று கைகழுவ வழியில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில் வயிற்றிச்சையையும் காம இச்சையையும் அடக்குவதைப் பற்றித் தனிப்பகுதி வகுத்தது வீணுக்கன்று. உடலுக்குப் பழக்கமும் பயிற்சியும் உண்டு. இரைப்பையிலிருந்து பசியைத் தூண்டும் 'கிரெலின்' என்னும் பொருளை 1999இல் ஜப்பானிய அறிஞர்கள் கண்டறிந்தனர். அது வழக்கமான உணவு வேளையில் ஏறும். அவ்வேளை உண்ணாது கடத்தினாலும் தானே இறங்கும். நண்பகலில் கிள்ளிய பசி அஸருக்கு முன் அடங்குவதை நோன்பாளிகள் நாம் அறிவோமன்றோ!

ஆகவே அளவோடு உண்க என்ற அறிவுரை ஒவ்வொருவரும் தம் நஃப்ஸை நோக்கிச் சொல்லிக்கொள்ள வேண்டியது. பிறர் தட்டை எண்ணுவதற்கு அது உரைகல் அன்று. நம் வீட்டுப் பிள்ளை மிகுதியாக உண்டால், ஏச்சுக்கு முன் மருத்துவரின் யோசனையை நாடுவோம். பெயர் வைத்து அழைப்பதை இன்றே நிறுத்துவோம். ஸஹனைச் சுற்றி அமர்ந்திருக்கும் நால்வருள் யாருக்கு யானைத்தீ, யாருக்கு வெறும் நாச்சுவை என்பதைப் படைத்தவன் ஒருவனே அறிவான்.

உண்பதில் அளவையும், உண்பவரிடத்து இரக்கத்தையும் வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.