புண்ணுக்கு ஒரு தேதி

பள்ளியில் தேர்வு நெருங்கினாலே எனக்கு வாய்ப்புண் வந்துவிடும். கீழுதட்டின் உட்புறம் மிளகளவுக்கு ஒரு வெள்ளைக் குழி, சுற்றிலும் சிவப்பு வளையம். ரசம் பட்டாலே கண் கலங்கும். "ராத்திரியெல்லாம் முழிச்சா உடம்பு சூடாகாம என்ன செய்யும்?" என்பார் அம்மா. மறுநாள் தட்டில் காரமில்லாத மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால் விட்டு. சாப்பிட்டு எழுந்ததும் வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும். பத்து நாளில் புண் இருந்த இடம் தெரியாது.

கீரைதான் ஆற்றியது என்று வெகுகாலம் நம்பினேன். அந்த மாதிரிச் சின்னப் புண் இரண்டு வாரத்துக்குள் தானாகவே ஆறிவிடும் என்பது பின்னால் தெரிந்தது. அதனால் அம்மாவின் பத்தியம் வீண் என்று ஆகாது. காரமும் புளியும் படாததால் எரிச்சல் அடங்கியது. உப்புத்தண்ணீர் வாயைச் சுத்தமாக வைத்தது.

வேலைக்குப் போன பிறகு மாதம் தவறாமல் வரத் தொடங்கியது. மருந்துக்கடையில் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு பல் மருத்துவர், கடைவாய்ப் பல்லின் கூர் கன்னத்தை உரசுவதைக் கண்டுபிடித்து ராவிவிட்டார். ரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்துக் குறைவு தெரிந்தது. இரும்பு, பி12, ஃபோலிக் அமிலம் இவற்றில் எது குறைந்தாலும் புண் திரும்பத் திரும்ப வருமாம். மென்மையான பிரஷ் வைத்துக்கொள்ளச் சொன்னார். பற்பசையில் நுரை வரச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்று பசையையும் மாற்றச் சொன்னார். எரிச்சலுக்குச் சாப்பாட்டுக்கு முன் தடவ ஒரு ஜெல் எழுதிக் கொடுத்தார்.

கிளம்பும்போது சொன்னார்: "வலிக்கிற புண்ணுன்னா ஓடி வந்துடறாங்க. வலிக்காத புண்ணை வச்சுக்கிட்டு வீட்லயே இருந்துடறாங்க."

எனக்கு அப்பத்தா நினைவு வந்தது. வெற்றிலை, பாக்கு, புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே தூங்குவார். அடக்கும் பக்கத்திலேயே ஒரு புண் வந்தது. "அது ஒண்ணுஞ்செய்யலப்பா" என்றார். அவருக்கும் மணத்தக்காளி சமைத்தோம். விழுங்க முடியாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். புற்று, கழுத்து நெறிகட்டி வரை பரவியிருந்தது. புண் எப்போது வந்தது என்று கேட்டார்கள். வீட்டில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. எங்கள் ஊரில் பாக்கு தாம்பூலத் தட்டின் மங்கலப் பொருள், யார் சந்தேகப்பட்டிருப்பார்கள்?

இப்போது எங்கள் வீட்டில் யாருக்கு வாய்ப்புண் வந்தாலும் காலண்டரில் அந்தத் தேதியில் ஒரு புள்ளி வைக்கிறேன். மூன்று வாரம் தாண்டியும் ஆறாவிட்டால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், மருத்துவரிடம் போயாக வேண்டும். ஆறாத வெள்ளைத் திட்டுக்கும் சிவப்புத் திட்டுக்கும் இதே கணக்குதான்.

போன மாதம் மகளுக்காக ஒரு புள்ளி வைத்தேன். ஒன்பதாம் நாள் அவளே மாங்காய் ஊறுகாய் கேட்டாள். பென்சிலை எடுத்துப் புள்ளியை அடித்துவிட்டு ஜாடியைத் திறந்தேன்.