மாவில் வைத்த கை

கோவை காந்திபுரத்தில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடை. மிக்ஸி ஜாருக்கு பிளேடு மாற்றக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கிய ஊர் என்பதால் முன்வரிசை முழுக்க அவைதான். காய்ந்த தானியம் அரைக்கிற மாவு மெஷின்கள் உள்மூலையில் இரண்டே இரண்டு நிற்கின்றன.

அந்த மூலைக்கு மூன்று பேர் போனார்கள். கையில் மஞ்சள் பையோடு ஒரு அம்மா, பின்னால் மகனும் மருமகளும்.

“எங்க வீதி மில்லை மூடிட்டாங்க. குழந்தைக்கு ராகி அரைக்கோணும்னா பஸ் ஏற வேண்டியதா இருக்குதுங்க” என்றாள் மருமகள்.

மகன் விலைச்சீட்டைப் படித்து, மோட்டாரைப் பார்த்து, கணக்குப் போட்டார். ஒரு எச்.பி. மோட்டார், ஒரு மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட். அதோடு அவர் வேலை முடிந்தது.

விற்பனைத் தம்பி முதல் மெஷினின் கதவைத் திறந்தான். உள்ளே எஃகுத் தகடுகள். நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்குப் பக்கமாகச் சுழன்று தானியத்தை அடித்து நொறுக்கும். சல்லடைக் கண்ணில் நுழைகிற பதம் வரும்வரை அடிதான். நைஸாக வேண்டுமானால் சின்னக் கண் சல்லடை, ரவையாக வேண்டுமானால் பெரியது. அடுத்தது கல் மெஷின். இரண்டு கல்லுக்கு நடுவே உள்ள இடைவெளியைத் திருகி வைத்துக்கொள்ளலாம். கல் தேய்ந்தால் கொத்த வேண்டும்.

“கல்லுல அரைச்சா சூடே வராதுங்கம்மா.”

அம்மா பதில் சொல்லவில்லை. மஞ்சள் பையிலிருந்து ராகியை எடுத்துக் கொடுத்தார். “ரெண்டுலயும் போடு தம்பி.”

முதல் மெஷின் போட்ட சத்தத்தில் பேச்சு நின்றது. மாவு விழுந்ததும் அம்மா டப்பாவுக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டு, அப்படியே வைத்திருந்தார். மாவைப் பார்க்கக்கூட இல்லை, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கைக்குச் சூடு ஏறும் வரை காத்திருக்கிறார் என்று எனக்குப் புரியச் சற்று நேரமானது. பிறகு ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலால் ஆள்காட்டி விரலின் மேல் தேய்த்தார்.

கல் மெஷினிலும் அதே கை, அதே தேய்ப்பு. “சூடு கொஞ்சம் கம்மி. ஆனா நெறுநெறுங்குது கண்ணு, நீ பாரு.”

மருமகளும் தேய்த்துப் பார்த்துத் தலையாட்டினாள். தம்பி திருகை இறுக்கினான். சத்தம் கனத்தது, மாவு இப்போது மழமழவென்று விழுந்தது. அம்மா மறுபடி கையை விட்டார். “இப்ப இதுவும் சுடுது.”

இதைத்தான் எந்த விளம்பரமும் சொல்வதில்லை. இறுக்கி வேகமாக ஓட்டினால் கல்லும் சுடும். நைஸும் வேண்டும், சூடும் ஏறக்கூடாது என்றால், கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பொறுமையாக அரைக்க வேண்டும். மெஷின் எதுவானாலும் அதுதான் வழி.

அடுத்து கேள்விகள் வந்தன.

“இடியாப்பத்துக்கு ஈர அரிசி போடலாமா?”

“வேண்டாமுங்க, அப்பிக்கும். காய வச்சுப் போடுங்க. எள்ளு, நிலக்கடலையும் ஆகாதுங்க, எண்ணெய் விட்டு அடைச்சிரும்.”

“மிளகா அரைச்ச பொறவு பிள்ளைக்கு ராகி அரைச்சா காந்துமே?”

“ஒரு பிடி அரிசி போட்டு ஓட்டி எடுத்துருங்கம்மா, மில்லுல செய்யற மாதிரியே.”

மருமகள் அதற்குள் முதல் மெஷினின் சல்லடையைக் கழற்றி, உள்ளே விரல்விட்டுச் சந்தில் தங்கிய மாவை வழித்துக் காட்டினாள். கல் மெஷினைத் திறக்க ஸ்பானர் தேவைப்பட்டது. “இதைத் தினம் கழட்ட முடியாதுங்கத்தை. நிக்கிற மாவுல வண்டு வச்சிரும்.” நானாக இருந்தால் கல் என்ற பேருக்கே மயங்கிக் காசை எடுத்து நீட்டியிருப்பேன். அந்தப் பெண்ணின் விரல் இன்னும் சந்திலேயே இருந்தது.

“அப்ப மொத மெஷினையே போட்டுரலாமா?” என்று மகன் பணப்பையை எடுத்தார். தம்பி பில் புத்தகத்தை விரித்தான்.

“இருடா. கம்பு பார்க்கலை.”

அம்மாவின் கவலை நியாயமானது. ராகியில் கொழுப்பு நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை, மாவு பல நாள் தாங்கும். கம்பில் ஐந்து பங்குக்குப் பக்கமாக உண்டு. அரைபட்டதும் அந்தக் கொழுப்பு சிதைய ஆரம்பிக்கிறது. சில நாளிலேயே மாவு கசக்கிறது. கடைப் பாக்கெட்டில் கம்பு மாவு வாங்கி, கூழ் கசந்து, கம்பே ஆகாது என்று விட்ட வீடுகளை எனக்குத் தெரியும். குறை கம்பில் இல்லை, அரைத்து வைத்த நாட்களில்தான். வீட்டுக்கு ஒரு மெஷின் வேண்டும் என்று நான் நினைப்பதே இதற்காகத்தான்.

“நாளைக்கு அரைப்படி கம்பு கொண்டாறேன் தம்பி. அரைச்சு, கைல சூடு பார்த்துட்டுத்தான் பில்லு.”

“மறுபடியும் வரோணுமாம்மா?” என்றார் மகன்.

“வரலாமுங்க” என்று மருமகள் முந்திக்கொண்டாள். விரலில் ஒட்டியிருந்த மாவைச் சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டே தம்பியிடம் திரும்பினாள். “காலையில எத்தனை மணிக்குத் தொறப்பீங்க?”

“பத்துக்குங்க. கூட்டம் இருக்காது, நிதானமா அரைச்சுப் பார்க்கலாம்.”