எங்கள் வீட்டு உலக்கையும் பாயிண்ட் டூ டூ ரைஃபிளும்

"ஞாயிற்றுக்கிழமை காலையிலே குடும்பத்தோடு எங்கே கிளம்பிட்டீங்க?" என்று அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால், "துப்பாக்கி சுட" என்று பதில் சொல்ல எனக்கு இன்றைக்கும் சற்றுக் கூச்சம்தான். கேட்டவர் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டுமே! போலீஸ் உத்தியோகமா, பட்டாளமா, இல்லை ஜமீன் பரம்பரையா என்று மனசுக்குள் கணக்குப் போடுவார்கள். மூன்றும் இல்லை. இவருக்கு பாங்க்கில் வேலை. நான் வீட்டோடு இருப்பவள். பெரியவள் எட்டாம் வகுப்பு, சின்னவனுக்கு ஐந்து வயது. கூடவே என் மாமியார். திருச்சியில் எங்களைப் போன்ற நடுத்தரக் குடும்பமும் கையைக் கடிக்காமல் இந்த விளையாட்டில் இறங்கலாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உங்களில் காலேஜில் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தரையில் விரிப்பு, அதன் மேல் குப்புறப் படுத்து, தோளில் ரைஃபிளை அழுத்திக்கொண்டு சுட்டிருப்பீர்கள். "மூச்சை அடக்கு, விரலை மெதுவா அழுத்து" என்று பின்னாலிருந்து ஹவில்தார் குரல் வரும். நம் கையில் இருந்தது பாயிண்ட் டூ டூ ரைஃபிள். பட்டாளத்து ரைஃபிள் மாதிரி தோளை உதைக்காது; சத்தமும் குறைவு. அதன் தோட்டாவுக்கு 'ரிம்ஃபயர்' என்று பெயர். அடிப்பாகத்தில் சின்ன விளிம்பு ஒன்று இருக்கும். தீப்பற்றும் மருந்து அந்த விளிம்புக்குள்ளேதான் இருக்கிறது. சுத்தி போய் விளிம்பில் தட்டினால் வெடிக்கும். இந்த ரகத் தோட்டா பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. இன்றைக்கும் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைஃபிள் போட்டி இதில்தான் நடக்கிறது. இந்தியாவின் பெயர் பெற்ற ரைஃபிள் வீராங்கனை அஞ்சலி பாகவத்தும் என்.சி.சி. வழியாகத்தான் துப்பாக்கியைத் தொட்டார். 2000த்தில் சிட்னி ஒலிம்பிக்கின் இறுதிச் சுற்று வரை போனவர்.

நான் அவ்வளவு தூரமெல்லாம் போகவில்லை. டிகிரி முடிந்தது, கல்யாணம் ஆயிற்று, ரைஃபிள் மறந்தே போயிற்று. 2024ல் பாரிஸ் ஒலிம்பிக் சமயத்தில், மகாராஷ்டிராவைச் சேர்ந்த ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிளில் வெண்கலம் வாங்கியதை டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தோம். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் அவர்.

"அம்மா, நீ இந்த மாதிரி சுட்டிருக்கியா?" என்றாள் பெரியவள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது.

"இதே மாதிரி இல்லேடி. ஆனா இதே ரகத் தோட்டாதான்."

"எனக்கும் கத்துக்கணும்."

இவர் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார்.

காரணம் எனக்குத் தெரியும். அத்தையின் தம்பிக்குப் பத்து வயதிருக்கும்போது, கூட்டாளிப் பையன் ஏர்கன்னால் அணிலைக் குறி வைத்திருக்கிறான். குண்டு சுவரில் பட்டுத் தெறித்து இவர் இடது கண்ணில் பாய்ந்துவிட்டது. அந்தக் கண் போனது போனதுதான். மாமாவுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. இன்றைக்கும் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைத் தடவிக்கொண்டுதான் இறங்குவார். "வீட்டிலே சின்னக் குழந்தை இருக்கு. அந்தச் சனியனை உள்ளே கொண்டு வராதே, அம்மா" என்றார் அத்தை. அவர் வாதத்தில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. 'வெறும் ஏர்கன்தானே' என்று பொம்மை போல நினைப்பவர்களைக் கண்டால் எனக்கும் பயம்தான்.

ஆகவே ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். துப்பாக்கி வீட்டுக்கு வராது. கிளப்பில் சுடுவோம், கிளப்பிலேயே வைத்துவிட்டு வருவோம். முதல் நாள் அத்தையும் எங்களோடு வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் அத்தோடு விட்டுவிடுவோம்.

அன்றைக்கு கிளப்பில் நாங்கள் பார்த்தது என்ன தெரியுமா? முதல் ஒரு மணி நேரம் யாரும் குழந்தை கையில் ரைஃபிளைக் கொடுக்கவே இல்லை. குழலின் வாய் எப்போதும் குறிப்பலகைப் பக்கமே இருக்க வேண்டும். சுடத் தயாராகும் வரை விரல் விசைக்குள் போகக் கூடாது. சுடாத நேரத்தில் குழலுக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு கயிறு செருகியிருக்க வேண்டும். உள்ளே குண்டு இல்லை என்று தூரத்திலிருந்தே தெரிவதற்காக. 'ஸ்டாப்' என்று குரல் வந்தால் அந்த க்ஷணமே நிறுத்த வேண்டும். ஆபத்து என்று கண்ணில் பட்டால் 'ஸ்டாப்' சொல்ல ஒரு குழந்தைக்கும் உரிமை உண்டாம். கண்ணாடி போடாமல் யாரும் கோட்டுக்கு வரக் கூடாது. கோச் இதையெல்லாம் சொல்லச் சொல்ல அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வரும்போது காரில், "அன்னிக்கு அந்தப் பசங்களுக்கு இதைச் சொல்ல ஒருத்தர் இல்லையே" என்றார். அதுதான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

இனி செலவுக்கு வருகிறேன். இதைக் கேட்காமல் நீங்கள் மேலே படிக்க மாட்டீர்கள்!

எடுத்த எடுப்பில் எதையும் வாங்காதீர்கள். போட்டிக்கென்று வெளிநாட்டிலிருந்து வரும் ஏர் ரைஃபிள் லட்சக் கணக்கில் ஆகும். தடித்த கான்வாஸ் கோட்டு, கால்சட்டை, தட்டையான பூட்ஸ் எல்லாம் தனி. இவற்றைப் பார்த்துத்தான் பல பேர் 'பணக்கார விளையாட்டு' என்று ஒதுங்கிவிடுகிறார்கள். கிளப் ரைஃபிளிலேயே முதல் வருஷத்தை ஓட்டிவிடலாம். நம் நாட்டுப் போட்டிகளில் 'ஓபன் சைட்' என்று ஒரு பிரிவு இருக்கிறது. சாதாரணக் குறிமுள் வைத்த ரைஃபிளில் சுடுவது. புதிதாக வருகிறவர்களுக்கு அது நல்ல வாசல். 'பீப் சைட்' எனும் துளை வழியே பார்க்கும் விலையுயர்ந்த கருவிக்குப் பிறகு போய்க்கொள்ளலாம். குழந்தைக்கு ஆசை நிலைக்கிறதா என்று பார்க்காமல் கோட்டு வாங்கினால், ஆறே மாதத்தில் அளவு பத்தாமல் போய்விடும். வளரும் பிள்ளையல்லவா!

ஏர் ரைஃபிளில் ஆரம்பிப்பதே சிக்கனம். ஒரு டப்பாவில் 500 ஈயக் குண்டுகள் இருக்கும். பெரிய போட்டியில் ஒருவர் சுடுவது 60 குண்டு. ஆக, ஒரு டப்பா எட்டு போட்டிக்கு வரும். பாயிண்ட் டூ டூ தோட்டா அப்படியல்ல. 50 உள்ள பெட்டியாக வரும், விலையும் கூடுதல், கணக்கும் எழுதி வைக்க வேண்டும். நான் அதை மாதத்துக்கு இரண்டு தடவை மட்டும் சுடுகிறேன். மற்ற நாளெல்லாம் மகளோடு ஏர் ரைஃபிள்தான். கை பழகுவதற்கு அது போதும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2016ம் வருஷத்து ஆயுத விதிகளின்படி 0.177 அங்குலத்துக்கும் 20 ஜூல் சக்திக்கும் மேற்படாத ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். பாயிண்ட் டூ டூவுக்கு லைசென்ஸ் கட்டாயம். 21 வயது ஆகாதவர்கள் பொதுவாக அதைச் சொந்தமாக வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் 12 வயது முடிந்த குழந்தை, அங்கீகாரம் பெற்ற கிளப்பில் மேற்பார்வையோடு பயிற்சி எடுக்கலாம். லைசென்ஸ் வேண்டாம் என்பதற்காக ஏர் ரைஃபிளைப் பரணில் போட்டு வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். அத்தையின் தம்பி கண்ணைக் கெடுத்ததும் லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிதான்.

சரி, துப்பாக்கி வீட்டில் இல்லாமல் எப்படிப் பழகுவது? இங்கேதான் எங்கள் வீட்டு உலக்கை வருகிறது!

நின்று சுடும் ஏர் ரைஃபிளின் எடை 5.5 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று விதி. அதை ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும். கையின் பலத்தால் தாங்கினால் பத்தாவது குண்டிலேயே தோள் விட்டுப்போகும். முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றி, எடையை எலும்பு வழியே காலுக்கு இறக்கிவிட வேண்டும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்கிறோமே, கிட்டத்தட்ட அதே நிலைதான்! இதை நான் கோச்சிடம் சொன்னபோது அவரும் ஒத்துக்கொண்டார். பரணில் கிடந்த பழைய உலக்கையை அத்தையே துடைத்து எடுத்துக் கொடுத்தார். தினமும் சாயங்காலம் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி பதினைந்து நிமிஷம் பெரியவள் அதைத் தூக்கி நிற்கிறாள். சின்னவன் ரூல்தடியோடு பக்கத்தில் நிற்கிறான்.

இன்னொரு சோதனையையும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரண்டு கைகளையும் நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவில் சின்னதாக ஒரு ஓட்டை விடுங்கள். அதன் வழியே எதிரே உள்ள காலண்டரில் ஒரு தேதியைப் பாருங்கள். இப்போது ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணால் பார்க்கும்போது தேதி மறையாமல் நிற்கிறதோ, அதுதான் உங்கள் ஆளும் கண். வலது கைப் பழக்கம் உள்ளவருக்கு இடது கண் ஆளும் கண்ணாக இருப்பதும் உண்டு. அதைக் கோச்சிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சுடும்போது மறு கண்ணை இறுக மூடவும் கூடாது. ஒரு மறைப்பு அட்டை மாட்டிக்கொண்டு இரண்டையும் திறந்தே வைத்தால் கண் களைக்காது.

குறி எவ்வளவு சின்னது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பலகையில் பத்து மதிப்பெண் பெறும் நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். கசகசாவில் பாதி! 50 மீட்டரில் அது 10.4 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தான். மூச்சை பாதி விட்டு, நிறுத்தி, சில விநாடிக்குள் சுட்டுவிட வேண்டும். முள் நிலைக்காவிட்டால் வம்புக்கு அழுத்தாமல் ரைஃபிளை இறக்கிவிட்டு மறுபடி தூக்க வேண்டும். எங்கள் பெண்ணுக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது. எதையும் எடுத்தால் முடித்துவிட வேண்டும் என்கிற ரகம் அவள். இறக்குவதைத் தோல்வி என்று நினைத்து, கண்ணில் நீர் முட்ட, கண்ட இடத்தில் சுட்டுக்கொண்டிருந்தாள். மூன்று மாதம் கழித்து ஒரு நாள் ஆறு தடவை தூக்கி ஆறு தடவையும் இறக்கினாள். ஏழாவதில் பத்து வந்தது. கோச் பத்துக்குக் கை தட்டவில்லை, அந்த ஆறுக்குத் தட்டினார்.

காபிப் பிரியைகளுக்கு ஒரு துக்கச் செய்தி: சுடப் போகும் காலையில் ஸ்ட்ராங் காபி வேண்டாம். நாடி துள்ளுவது முள்ளில் தெரிகிறது. நான் மோருக்கு மாறிவிட்டேன், மனசில்லாமல்தான்.

இளம் தாய்மார்களுக்கு முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். ஏர் ரைஃபிள் குண்டும் பாயிண்ட் டூ டூ குண்டும் ஈயம். ரிம்ஃபயர் தோட்டாவின் தீமருந்திலும் பெரும்பாலும் ஈயம் உண்டு. புகையோடு வெளியே வரும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும். கருவில் இருக்கும் சிசுவையும் நஞ்சுக்கொடி வழியே போய்ச் சேரும். ஆகையால் கர்ப்பமாக இருப்பவர்களும் பால் கொடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் சுடும் இடத்துக்குப் போக வேண்டாம்; ஒரு வருஷம் பொறுத்தால் குறி எங்கேயும் ஓடிவிடாது. மற்றவர்கள், சுடும் கூடத்தில் தின்பண்டம், தண்ணீர் எதையும் வாயில் வைக்கக் கூடாது. குண்டைப் பல்லால் கடித்துப் பிடிக்கக் கூடாது. வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவ வேண்டும். அந்தத் துணியை வந்தவுடன் மாற்றி, தனியாகத் துவைக்க வேண்டும். காற்றோட்டம் இல்லாத கூடமென்றால் வேறு இடம் பாருங்கள். சத்தம் குறைவு என்றாலும் பாயிண்ட் டூ டூ சுடும்போது காதுமூடி கட்டாயம். இதற்கெல்லாம் எங்கள் குடும்பத்தில் இன்ஸ்பெக்டர் அத்தைதான். குழாயடியில் சோப்பும் கையுமாக நிற்பார். ஒரு நாள் கோச்சையே, "தம்பி, கை கழுவியாச்சா?" என்று மடக்கிவிட்டார்!

அத்தையிடம் உத்தரப் பிரதேசத்து சந்த்ரோ தோமர் பாட்டி கதையைச் சொன்னேன். ஜோஹ்ரி கிராமத்தில் 1999ல், அறுபதைத் தாண்டிய வயதில், பேத்தியைத் துப்பாக்கிப் பயிற்சிக்குக் கூட்டிப் போனவர். பேத்தி தயங்க, தானே எடுத்துச் சுட்டுப் பார்த்துவிட்டார். பிறகு எத்தனையோ பதக்கங்கள். 2021ல் கொரோனாவில் காலமானார். அத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, "அவங்களுக்குக் கண்ணாடி போடாமலே தெரிஞ்சிருக்கும் போல" என்று மட்டும் சொன்னார். நான் வற்புறுத்தவில்லை.

போட்டிகள் கிளப், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக மேலே போகும். அதற்கு மேல் மாவ்லங்கர் போட்டி, பிறகு தேசியப் போட்டி. 45 வயது தாண்டியவர்களுக்கு 'மாஸ்டர்ஸ்' பிரிவு தனியாக உண்டு என்பது என் காதில் தேனாக விழுந்தது! பெண்களுக்கு ஏர் ரைஃபிளில் 2017 வரை 40 குண்டுதான். 2018லிருந்து ஆண்களுக்குச் சமமாக 60 ஆக்கிவிட்டார்கள். நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019ல் ரியோவில் உலகக் கோப்பைத் தங்கம் வாங்கியது அந்த 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்தான்.

அடுத்த மாதம் மாவட்டப் போட்டி. பெரியவள் ஓபன் சைட்டில் பெயர் கொடுத்திருக்கிறாள். நான் பாயிண்ட் டூ டூ, படுத்துச் சுடும் பிரிவில். சின்னவனைப் பார்த்துக்கொள்ள அத்தை. ஒற்றைக் கண் மாமாவும் வேடிக்கை பார்க்க வருகிறேன் என்று போன் பண்ணியிருக்கிறார். மத்தியானச் சாப்பாடு இவர் பொறுப்பு. எலுமிச்சம்பழ சாதம் மட்டும்தான் வரும் என்று இப்போதே சொல்லிவிட்டார்.