எங்க தெருமுனைக்கு ஒரு கடை வந்திருக்கு

பெங்களூரில் வேலை பார்க்கும் என் சித்தப்பா பையன் போன வாரம் போனில் கேட்டான்: "உங்க விருத்தாசலத்துல பப் எல்லாம் இருக்காடா?"

ஏன் இல்லை? எங்க தெருமுனையிலேயே இப்போ ஒன்று திறந்திருக்கிறார்கள். அதுவும் அரசாங்கமே நடத்துகிற கடை. என்ன, பாட்டு கிடையாது, ஏசி கிடையாது, கம்பி வலை போட்ட ஜன்னலில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. பக்கத்திலேயே தகரக் கொட்டகை போட்ட பார். வேறொரு தெருவில் இருந்த கடை, அந்தத் தெருக்காரர்கள் சண்டை போட்டதால் இங்கே வந்துவிட்டது என்கிறார்கள். நாங்கள் சண்டை போடத் தெரியாதவர்கள் போல.

அந்த இடம் முன்பு ஒரு செராமிக் கம்பெனியின் குடோன். சின்ன வயதில் அங்கே உடைந்த பியூஸ் கேரியர்கள் குவியலாகக் கிடக்கும், பொறுக்கி வந்து கடை வைத்து விளையாடுவோம். வீட்டுக்கு வீடு எம்.சி.பி. வந்தபிறகு பீங்கான் பியூஸை யார் கேட்கிறார்கள்? குடோன் பூட்டியே கிடந்தது. இப்போது தினமும் பகல் பன்னிரண்டுக்கு டாண் என்று திறக்கிறது.

சரி, மேட்டருக்கு வருகிறேன். போன மாதம் எனக்கு இருபத்தொன்று முடிந்தது. தமிழ்நாட்டில் மது வாங்க அதுதான் வயது. (பிளஸ் டூ முடித்து ஒரு வருடம் செராமிக்கில் வேலை பார்த்துவிட்டுத்தான் பி.காம். சேர்ந்தேன், அதனால்தான் இந்த வயதிலும் மூன்றாம் வருடம்.) சனிக்கிழமை அரை நாளோடு காலேஜ் முடிந்தது. நண்பன் ஒருவன், பேர் வேண்டாம், "சும்மா போய்ப் பாத்துட்டு வரலாம் வாடா" என்றான். சும்மா பார்க்க ஆளுக்கு நூறு ரூபாய் போட்டோம். ஒரு பீர், ஒரு சுண்டல்.

பப் என்பது பப்ளிக் ஹவுஸ் என்பதன் சுருக்கமாம். பொது வீடு. இங்கிலாந்தில் குடும்பத்தோடு போய் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வருவார்களாம். எங்க தெருமுனை வீட்டில் இருந்தது எல்லாமே ஆண்கள், அதிலும் பாதிப் பேர் நின்றுகொண்டே. வந்தவுடன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, ஒரு துண்டு மாங்காயைக் கடித்துவிட்டுக் கிளம்புகிறார்கள். பஸ் பிடிக்கிற அவசரம். கடை வந்ததிலிருந்து எங்க அம்மாவும் மற்றவர்களும் ரேஷன் கடைக்குப் பின் தெரு வழியாகச் சுற்றிப் போகிறார்கள் என்பது அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

பி.காம். படிக்கிறவன் எங்கே உட்கார்ந்தாலும் கணக்குத்தான் போடுவான். பாட்டில் விற்பது அரசு. பார் எடுத்தவருக்குக் கிடைப்பது தின்பண்டம் விற்கவும் காலி பாட்டில் சேகரிக்கவுமான உரிமை மட்டும். மது இன்னும் ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை, அதனால் வரி மாநிலத்துக்கே. ஆயத்தீர்வையும் மதிப்புக்கூட்டு வரியும் சேர்த்து 2023-24ல் 45,855 கோடி ரூபாய். நாளொன்றுக்கு 125 கோடி. 1937ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார், 1971ல் கருணாநிதி அதைத் தளர்த்தினார், 1983ல் எம்.ஜி.ஆர். காலத்தில் டாஸ்மாக் வந்தது, 2003ல் ஜெயலலிதா சில்லறை விற்பனையையும் அதன் கையில் கொடுத்தார். உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டர் தள்ளிப் போகச் சொன்ன பிறகு, 2017 ஏப்ரலில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளை மூடினார்கள். அதில் பலவற்றை ஊருக்குள் திறக்கப் பார்த்தபோதுதான் பெண்கள் துடைப்பத்தோடு ரோட்டுக்கு வந்தார்கள். லாரிக்காரரிடமிருந்து தள்ளி வைத்ததை எங்கள் வாசலுக்குப் பக்கத்தில் வைத்தாயிற்று.

இப்படி மனசுக்குள் பொருளாதாரம் பேசிக்கொண்டு முதல் டம்ளரைத் தூக்கும்போது (கசப்பு, வேறொன்றுமில்லை) எதிர் பெஞ்சில் மாமா.

சொந்த மாமா இல்லை. இரண்டு வீடு தள்ளி இருப்பவர். எனக்குச் செராமிக்கில் வேலை வாங்கிக் கொடுத்தவர், அச்சில் களிக்குழம்பு ஊற்றக் கற்றுக் கொடுத்தவர். அவசரப்பட்டுக் கவிழ்த்தால் பொம்மையின் மூக்கு போய்விடும் என்று தலையில் குட்டுவார். கையில் குவார்ட்டர், பாதி காலி. எங்களைப் பார்த்தார். ஓடலாமா என்று யோசித்தேன். அவரே எழுந்து வந்தார்.

"என்னா தம்பி, இங்க?"

"சும்மா மாமா..."

"வெறும் வயித்துல குடிக்காத." இரண்டு அவிச்ச முட்டை சொல்லி, மடித்து வைத்திருந்த ஐநூறு ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். உள்ளே இன்னும் சில நோட்டுகள் இருந்தன. "இன்னிக்குத்தான் கூலி போட்டான்" என்றார், நான் கேட்காமலே.

நண்பன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "இந்தக் கடைய எல்லாம் மூடணும் மாமா" என்றான், கையில் பீரோடு. மாமா சிரிக்கவில்லை. "மூடுனா? கள்ளக்குறிச்சில என்னா ஆச்சு பாத்தல்ல? அவனுவ எல்லாம் இங்க வாங்க காசு இல்லாமத்தான் அதைக் குடிச்சான்." 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்ததைச் சொல்கிறார். பக்கத்து மாவட்டம். எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

போகும்போது தோளைத் தட்டி, "வூட்ல சொல்லிக்காத" என்றார். அவர் வீட்டிலா, என் வீட்டிலா என்று சொல்லவில்லை. சரி என்று தலையாட்டினேன்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல காமெடியாகியிருக்கும். ஆனால் எங்க தெரு மகளிர் குழுவுக்கு நோட்டு எழுதுவது நான்தான், பத்தாவது படிக்கும்போதிலிருந்து. பன்னிரண்டு பேர், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்க வீட்டுத் திண்ணை. மாமாவின் வீட்டம்மா, அதாவது அத்தை, பசங்க ஸ்கூல் பீஸுக்காகக் கடன் எடுத்திருக்கிறார், வாரம் முந்நூறு கட்ட வேண்டும். இரண்டு வாரமாகக் கட்டவில்லை. கார்த்திகை முடிந்தால் அகல் விளக்கு ஆர்டர் நின்றுவிடும், கம்பெனியில் கூலி இழுக்கிறார்கள் என்று அத்தை சொன்னதை எல்லோரும் நம்பினார்கள், நானும்தான். செராமிக்கில் இருந்தவனுக்குத் தெரியாதா, அப்படி இழுப்பது உண்டு.

இந்த ஞாயிறும் அத்தை வெறும் கையோடுதான் வந்தார். ஒருத்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், இன்னொருத்தர் "ஒங்களால எங்களுக்கும் பேங்குல கெட்ட பேரு" என்றார். அத்தை என்னிடம் திரும்பி, "கம்பெனில இன்னும் கூலி போடலன்னு சொல்றாரு. நீ அங்க இருந்தவன்தான, யாரையாச்சும் கேட்டுப் பாரேன் தம்பி" என்றார்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். வாய்க்குள் அந்த முட்டையின் ருசி வந்துபோனது மாதிரி இருந்தது. அத்தையின் முந்நூறில் ஒரு பங்கு எனக்குள்ளும் போயிருக்கிறது. மாமா கூலி வாங்கிவிட்டார் என்று சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். வராமல் இருக்குமா?

"கேட்டுச் சொல்றேன் அத்தை" என்றேன். நோட்டில் அவர் பேருக்கு நேராக மூன்றாவது கோடு போட்டேன். ஸ்கேல் வைத்து, நேராக.

திங்கட்கிழமை காலையில் பஸ் ஸ்டாப்புக்குப் போகும்போது மாமா சைக்கிளில் எதிரே வந்தார். பெல் அடித்து, என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. அச்சு உடைத்ததற்குக் குட்டிய காலத்தில் இப்படிச் சிரித்ததே இல்லை. கூட்டாளியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அது.

இனிமேல் குழு நோட்டு எழுத முடியாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஏன்டா என்றாள். செமஸ்டர் வருது, படிக்கணும் என்றேன். பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அது அவளுக்கும் தெரியும்.