அரிட்டாபட்டி மலையில் ஒரு காலை நடை

மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், மேலூர் வட்டாரத்தில் இருக்கிறது அரிட்டாபட்டி. ஏழு குன்றுகள், 72 ஏரி குளங்கள், 200 இயற்கை ஊற்றுகள் கொண்ட பகுதி இது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 ஹெக்டேர் பரப்பை தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தளமாக அரசு அறிவித்தது.

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பக்கத்து ஊர் விவசாயக் குடும்பம் ஒன்று விடிந்ததும் இங்கே நடக்க வந்தது. மூத்த மகளுக்குக் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. இரண்டு நாளில் விடுதிக்குப் போக வேண்டும். "மலையும் கம்மாயும் காட்டாம புள்ளைய அனுப்பக் கூடாது" என்று அப்பத்தா பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். அப்பா, அம்மா, தம்பி எல்லோரும் கிளம்பிவிட்டார்கள்.

முதலில் ஆனைகொண்டான் கண்மாய்க் கரை. பாண்டியர் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில் வெட்டியது. ஆவணியில் தண்ணீர் உள்வாங்கிக் கிடந்தது. பாறையில் விழுகிற மழை ஊற்றாகவும் ஓடையாகவும் இறங்கிக் கண்மாயில் சேர்வதை அப்பா கையை நீட்டிக் காட்டினார். மடை திறந்தால் வயலுக்கு. நிறைந்தால் கலுங்கு வழியாகக் கீழ்க் கண்மாய்க்கு. "மேல இருக்குற பாறைய ஒடச்சா, கீழ இருக்குற வயலு காயும். அவ்வளவுதான் கணக்கு" என்றார்.

மலையடிவாரத்தில் ஆவாரை பூத்திருந்தது. ஓடையோரம் நொச்சி. மகள் செல்போனில் படம் எடுத்தாள். அப்பத்தா ஒரு கொத்தை ஒடித்து அவள் கையில் வைத்தார். "போட்டோவுல வாசம் வராது தாயி. கசக்கி மோந்து பாரு." அந்தக் காலத்தில் குதிரில் நெல் கொட்டும்போது காய்ந்த நொச்சி இலையைப் போட்டு வைத்ததையும், பூச்சி அண்டாமல் இருந்ததையும் சொன்னார். புங்கந்தழையை வயலில் மிதித்து உழுததையும் சொன்னார்.

தம்பிக்குப் பறவை மேல்தான் கண். இங்கே சுமார் 250 வகைப் பறவைகள் இருப்பதாகப் பதிவாகியிருக்கிறது. லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, போனெல்லி கழுகு ஆகிய மூன்று வேட்டைப் பறவைகளும் அதில் அடக்கம். எலியைப் பிடிக்கும் பறவையும், கரையானைத் தின்னும் எறும்புத்தின்னியும், பூச்சி தின்னும் தேவாங்கும் மலையில் இருப்பது சுற்றியுள்ள வயல்களுக்கும் காவல்.

மேலே குகைத்தளத்தில் சமணப் படுக்கைகளும், சுமார் 2,200 ஆண்டுப் பழமையான தமிழி எழுத்துகளும் உள்ளன. குடும்பம் அங்கே உட்கார்ந்து, கொண்டுவந்த இட்லியைச் சாப்பிட்டது. அங்கிருந்து பார்த்தால் கண்மாய்களும் வயல்களும் ஒரே பார்வையில் தெரியும். 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது இந்த வட்டாரம்தான். 2025 ஜனவரி 7 அன்று மேலூரிலிருந்து மதுரை வரை விவசாயிகள் நடந்தார்கள். அந்த மாதமே மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. நடந்தவர்களில் அப்பாவும் ஒருவர்.

அம்மா மெதுவாகக் கேட்டார்: "படிச்சு முடிச்சுட்டு இங்கிட்டு வருவியா?" யாரும் பேசவில்லை. இருப்பது இரண்டு ஏக்கர். அதை நம்பி வா என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. "எங்க வேல கெடச்சாலும் போத்தா. ஆனா, நெலத்த வெலைக்குக் கேட்டு எவனாச்சும் வந்தா, ரூவாய மட்டும் பேசாத. தண்ணி எங்கிட்டு இருந்து வருது, எங்கிட்டுப் போகுதுன்னு கேளு" என்று மட்டும் சொன்னார்.

மகள் கொஞ்ச நேரம் கழித்து, "போன கோடையில வண்டல் அடிச்சோம்ல, அந்த வயல்ல கொஞ்சம் மண்ணு எடுத்துக் குடுப்பா. பரிசோதனைக்குக் குடுத்துப் பார்க்குறேன்" என்றாள்.

திரும்பியதும் எல்லோரும் வயலில் இறங்கினார்கள். வரப்பு, மர நிழல், எருக்குழி ஓரம் தவிர்த்து, பத்து இடங்களில் ஆங்கில 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டி எடுத்தார்கள். நிழலில் உலர்த்திக் கலந்து, நான்காகப் பங்கிட்டு எதிரெதிர்ப் பங்குகளைக் கழித்து அரை கிலோவாக்கினார்கள். துணிப்பையில் சர்வே எண்ணை எழுதிப் போட்டது தம்பி.

அரிட்டாபட்டிக்குப் போக நினைப்பவர்கள் காலையிலேயே போவது நல்லது. குடிநீர் எடுத்துச் செல்லுங்கள்; பாலித்தீன் பையை விட்டுவிட்டு வராதீர்கள். பாறைகளில் பறவைகள் கூடு கட்டும் இடம் என்பதால் பாட்டுப் போட வேண்டாம். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள், பிள்ளை வெளியூர் கிளம்பும் முன் தங்கள் ஊர்க் கண்மாயை மடையிலிருந்து கலுங்கு வரை ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டலாம்.