இலண்டனில் ஒரு கைவிசேடம்

மேற்படிப்பின் பொருட்டு நான் குடும்பத்துடன் இலண்டனில் வாழ்ந்த காலத்தில், 2013 ஆம் ஆண்டுச் சித்திரை வருடப்பிறப்பு வந்தது. பங்குனிக் குளிர் நீடித்தமையால் அவ்வாண்டு இளவேனில் பிந்தியே அரும்பியது. 1981 முதல் விளங்கும் விம்பிள்டன் பிள்ளையார் கோயிலில் வழிபட்டபின், தனித்து வாழ்ந்த யாழ்ப்பாணத்து முதியவர் ஒருவரைக் காணச் சென்றோம். அவருடைய பேரப்பிள்ளைகள் கனடாவில் இருந்தனர். எம் பிள்ளைகளின் கையில் வெற்றிலையும் நாணயமும் வைத்துக் கைவிசேடம் தந்தார்.

“வாங்கப் பிள்ளைகள் இல்லாதபடியால், ஏழு வருடமாக இந்த வீட்டில் வருடம் பிறக்கவில்லை, தம்பி” என்றார்.

மறுநாள் கியூ பூங்காவில் மலர்களிடையே உலாவியபோதும் பிள்ளைகள் அப்பெரியவரைப் பற்றியே பேசினர்.

மக்கள் கடல் கடந்து சென்ற வீடுகள் நம் ஊர்களிலும் பல உள. வரும் சித்திரையில் அவ்வாசல்களில் ஒன்றையேனும் நம் சிறுவர் மிதிக்கட்டும்.